தீட்டும் கீழ்ப்படிதலும்: லேவியராகமம் முதல் மகாத் வரை

(மும்பை தாராவியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஏற்பாட்டின் மூன்றாம் நூலாகிய லேவியராகமத்தில், செத்த விலங்கைத் தொட்டவனைப் பற்றி ஒரு விதி உண்டு. தொட்டவன் அன்று மாலை வரை தீட்டுடையவன். அதைச் சுமந்து சென்றவன் தன் உடைகளைத் துவைக்க வேண்டும். அவனுக்கும் மாலை வரைதான் தீட்டு. பொழுது சாய்ந்ததும் தீட்டும் நீங்கிவிடும். மறுநாள் விடியலில் அவன் மற்றவர்களைப் போலவே வழிபாட்டிடத்துக்குப் போகலாம், பிறரோடு அமர்ந்து உண்ணலாம்.

தாராவியில் இவ்விதியைக் கேட்போருக்கு இதன் பொருள் விளக்கப்பட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய தோல் பதனிடும் பட்டறைகளில் வேலை செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவநாருக்கு மாற்றப்பட்டது. பச்சைத் தோல் ஊறிய பட்டறைகள் ஏறக்குறைய மறைந்தன. பையும் இடைவாரும் தைக்கும் கூடங்கள் எஞ்சியுள்ளன. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே இருப்பது ஒரு ரயில் பாதைதான். அப்பாதையின் கிழக்கே குடியேறிய தமிழரும் மேற்கே குடியேறிய தமிழரும் ஒரே மொழி பேசியவர்கள். ஒரே நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். ஆயினும் தோலைத் தொட்டவனின் தீட்டு மாலையில் நீங்கும் என்று எவரும் இங்கு சொல்லவில்லை. அது அவனோடு ரயிலேறி வந்தது. அவன் மகனுக்கும் பேரனுக்கும் சொத்தைப் போல வந்து சேர்ந்தது.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலில் இந்த வேறுபாட்டைத்தான் ஆய்வின் வாசலில் நிறுத்தினார். தீட்டு என்னும் கருத்து உலகின் பல பழஞ்சமூகங்களில் உண்டு. பிறப்பு, பூப்பு, திருமணம், சாவு ஆகியவற்றையொட்டி அது தோன்றும், சடங்கால் நீங்கும். பிறவியோடு ஒட்டி எந்த நீராலும் கழுவ இயலாததாய், ஒரு மக்கள் தொகுதி முழுவதையும் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தும் தீட்டு வேறு வகையானது என்று அவர் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினை சரியானது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், மாலையில் நீங்கும் தீட்டு தீங்கற்றது என்ற எண்ணம் உண்டாகும். பழைய இஸ்ரயேலின் வரலாறு அவ்வளவு எளிதன்று. மாலை வரை இருந்த தீட்டு எப்படி மரபுவழித் தீட்டாக மாறத் தொடங்கியது என்பதையும் அந்த நூல்களே காட்டுகின்றன.

முதலில் அவ்விதிகளின் உள்ளே சென்று பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு; அதை இங்கேயே சொல்லிவிடலாம். எபிரேயத்தில் ‘தமே’, ‘தாஹோர்’ என்னும் இரு சொற்கள் வழிபாட்டுக்குத் தகாத நிலையையும் தகுந்த நிலையையும் குறிக்கின்றன. தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் முன்னதற்குத் ‘தீட்டு’ என்ற சொல்லையே பெரிதும் கையாண்டனர். வேறு சொல் அவர்களுக்குக் கிடைத்திருக்கவும் முடியாது. ஆனால் ‘தீண்டு’, ‘தீண்டல்’, ‘தீட்டு’ என்று நீளும் இச்சொற்குடும்பத்தில் சாதியின் நாற்றம் ஏறியிருக்கிறது. தமிழ் வாசகர் லேவியராகமத்தைப் படிக்கும்போது எருசலேம் ஆலயத்தோடு தம் ஊரின் சேரித் தெருவையும் சேர்த்தே படிக்கிறார். இதனால் சில உண்மைகள் தெளிவாகும், சில மறையும். எடுத்துக்காட்டாக, அங்கே ஆசாரியனுக்கும் தீட்டு உண்டு, அரசனுக்கும் உண்டு. குடியேறிய அந்நியனுக்கும் உள்நாட்டானுக்கும் ஒரே சட்டம் என்னும் வாசகமும் அதே நூல்களில் உண்டு. அறுவடையில் வயலோரத்தை ஏழைக்கு விட்டுவிட வேண்டும், ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய உடைமையாளனிடம் திரும்ப வேண்டும் என்ற விதிகளும் அதே லேவியராகமத்தில்தான் இருக்கின்றன. இவற்றை மறைத்துவிட்டு நடத்தப்படும் மத விமர்சனம் நேர்மையற்றது.

இனி அதிகாரம். பன்றி ஏன் விலக்கப்பட்டது, ஒட்டகம் ஏன் விலக்கப்பட்டது என்ற ஆராய்ச்சி பல நூல்களை நிரப்பியிருக்கிறது. ஒழுங்குக்குள் அடங்காததே அழுக்கு என்று மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் விளக்கினார். வறண்ட நிலத்தில் பன்றி வளர்ப்பு கட்டுப்படியாகாது என்று மார்வின் ஹாரிஸ் விளக்கினார். இரண்டிலும் சிந்திக்க வேண்டியவை உள்ளன. ஆனால் உழைப்பாளிக்கு முதன்மையான கேள்வி வேறு. எது தீட்டு என்பதைவிட, தீட்டு என்று சொல்லும் வாய் யாருடையது?

லேவியராகமத்தின் பதின்மூன்றாம், பதினான்காம் அதிகாரங்கள் இதற்கு விடை தருகின்றன. தோலில் தடிப்போ வெண்மையோ கண்டவன் ஆசாரியனிடம் கொண்டுவரப்படுகிறான். ஆசாரியன் மருத்துவன் அல்லன்; மருந்து ஏதும் கொடுப்பதில்லை. பார்க்கிறான், ஏழு நாள் அடைத்து வைக்கிறான், மறுபடி பார்க்கிறான், தீர்ப்புச் சொல்கிறான். தீட்டு என்று தீர்ப்பானால் அம்மனிதன் கிழிந்த உடையோடு, தானே தன்னைத் தீட்டுள்ளவன் என்று கூவிக்கொண்டு, பாளயத்துக்கு வெளியே தனியே வாழ வேண்டும். நோய் உடல் முழுதும் பரவி வெளுத்துவிட்டாலோ, அவன் சுத்தமானவன் என்று அறிவிக்கப்படுகிறான்! மருத்துவத் தருக்கம் இதில் இல்லை என்பது தெளிவு. இன்னொரு விதி இன்னும் நுட்பமானது. ஒரு வீட்டுச் சுவரில் கறை தோன்றினால், ஆசாரியன் வந்து பார்ப்பதற்கு முன்பே வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அவன் வந்து சொன்ன பிறகு உள்ளே இருந்தவையும் தீட்டாகிவிடும். சொல்வதற்கு முன் அதே பாயும் பானையும் தீட்டல்ல. சுவரில் கறை ஏற்கெனவே இருந்தது. தீட்டோ ஆசாரியனின் வாயிலிருந்துதான் பிறந்தது.

அந்த வாய்க்கு உணவும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு ஆண் குழந்தையானால் நாற்பது நாள், பெண் குழந்தையானால் எண்பது நாள். நாள் முடிந்தபின் அவள் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும். வசதியில்லாதவள் இரண்டு பறவைகள் கொண்டுவரலாம். ஏழைக்குச் சலுகை உண்டு, விலக்கு இல்லை. பாவ நிவாரண பலியின் இறைச்சி ஆசாரியனுக்கு. லேவியர்க்கு மக்கள் தரும் தசமபாகத்தில் பத்திலொன்று ஆசாரியனுக்கு. தோல் தொழிலாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தகனபலியாகக் கொல்லப்பட்ட விலங்கின் தோல் முழுவதும் பலியிட்ட ஆசாரியனுக்கே சொந்தம். தோல் அங்கே வருவாய். பிற்காலத்து யூத மரபிலும் ஊரூரான நடைமுறையிலும் அதைப் பதப்படுத்துகிறவன்தான் நாற்றத்துக்காக ஒதுக்கப்பட்டான். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில், விலக்கப்பட்ட விலங்குகளைப் பற்றிய தரிசனம் பேதுருவுக்கு வருவது யோப்பாவில் கடலோரம் இருந்த தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில்தான். அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்து எழுதியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

விதிகள் இருந்தால் மட்டும் போதாது. கீழ்ப்படிய வைக்க வேண்டும். அதற்கான கதைகளும் அதே நூல்களில் உள்ளன. ஆரோனின் மக்கள் நாதாபும் அபியூவும் கட்டளையிடப்படாத நெருப்பைக் கொண்டு தூபம் காட்டினர். நெருப்பு புறப்பட்டு அவர்களை எரித்தது. தந்தை வாய் திறக்கவில்லை. எஞ்சிய மக்களோடு அவன் துக்கங்கொண்டாடவும் கூடாது, வாசலை விட்டு வெளியேறவும் கூடாது என்று உத்தரவு வருகிறது. அதன்பின் உடனடியாகத்தான் புனிதமானதற்கும் அல்லாததற்கும் வேறுபாடு காட்டும் பொறுப்பு ஆரோனிடம் ஒப்படைக்கப்படுகிறது. மகன்களின் சாவுக்கு அழாதவனே தீட்டைப் பிரிக்கத் தகுதியுள்ளவன் என்பது போல அக்கதை அமைக்கப்பட்டுள்ளது. எண்ணாகமத்தில் மிரியாமும் ஆரோனும் சேர்ந்தே மோசேயைக் குறை கூறுகின்றனர். வெண்குட்டம் பிடிப்பது மிரியாமுக்கு மட்டும். ஏழு நாள் வெளியே தள்ளப்படுவது அவள் மட்டும். ஆனால் அவள் திரும்பி வரும்வரை மக்கள் பயணப்படாமல் காத்திருந்தனர் என்றும் அந்நூல் சொல்கிறது. எழுதியவரின் நோக்கத்தையும் மீறி மக்களின் முகம் தெரியும் இடம் அது.

கோராகின் கதை எல்லாவற்றிலும் முக்கியமானது. கோராகும் அவனோடு 250 தலைவர்களும் மோசேயிடமும் ஆரோனிடமும் வந்து, சபையார் எல்லாருமே பரிசுத்தர்தாம். அப்படியிருக்க உங்களை மட்டும் எதற்காக உயர்த்திக்கொள்கிறீர்கள் என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை சொல்லப்படவில்லை. பூமி வாய் திறந்து விழுங்கியது, நெருப்பு எரித்தது. முணுமுணுத்த மக்களில் 14,700 பேர் கொள்ளைநோயில் மாண்டனர் என்று கணக்கும் தரப்படுகிறது. அதிகாரத்திடம் விடை இல்லாத கேள்விகளை இப்படிப்பட்ட கதைகளால்தான் மூட முடியும்.

இந்த ஆசாரிய நூல்கள் இன்றுள்ள வடிவத்தை அடைந்தது எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த கி.மு. ஆறாம் நூற்றாண்டையும் அதன் பின்னான பாரசீக ஆட்சியையும் ஒட்டித்தான் என்பது ஆய்வாளர் பெரும்பான்மையோரின் கருத்து. அரசன் இல்லாத நாட்டில் ஆலயமே அரசாங்கம், ஆசாரியனே தலைவன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எஸ்றா வருகிறார். அவர் கையில் வேதச் சுருள் மட்டும் இல்லை. பாரசீகப் பேரரசன் அர்தசஷ்டாவின் ஆணையும் இருக்கிறது. சட்டத்துக்குப் பணியாதவனுக்கு மரணம், நாடுகடத்தல், சொத்துப் பறிமுதல், சிறை. ஆலயத்தாருக்கு வரிவிலக்கு. அந்நியப் பெண்களை மணந்தவர்கள் அப்பெண்களையும் பிள்ளைகளையும் விலக்கிவிட வேண்டும் என்று தீர்மானமாகிறது. மூன்று நாளுக்குள் எருசலேமில் கூடாதவனின் உடைமை பறிக்கப்படும். அவன் சபையிலிருந்து நீக்கப்படுவான். வம்ச அட்டவணையில் தம் பெயரைக் காட்ட முடியாத ஆசாரியக் குடும்பங்களும் தீட்டென்று தொழிலிலிருந்து தள்ளப்பட்டன. மாலையில் நீங்கிய தீட்டு இரத்தத்துக்குள் நுழைந்தது இங்கேதான். நிலம் திரும்பக் கைக்கு வந்த காலத்தில், அந்த நிலத்துக்கு யார் வாரிசு என்ற வழக்கே புனிதத்தின் மொழியில் நடந்தது. இதை எதிர்த்த குரல்களும் விவிலியத்திலேயே உள்ளன. மோவாபியப் பெண்ணான ரூத்தை தாவீது அரசனின் பாட்டன் வீட்டுத் தாயாக நிறுத்தும் கதை அவற்றுள் ஒன்று.

பேரரசின் கையைப் பற்றிக்கொண்ட புனிதச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். கோயிலைத் தூய்மைப்படுத்தும் செலவையும் நாடார்களே தர வேண்டும் என்பதும் அவ்வழக்கின் பகுதி. வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போயிற்று. 1908இல் அங்கிருந்த ஆங்கிலேய நீதிபதிகள், நாடார் நுழைந்தால் கோயில் தீட்டாகும் என்ற வழக்காற்றுக்கு முத்திரை குத்தினர். ஆகமம் படித்திராத அவர்கள், ஆகமத்தின் பெயரால் தீர்ப்பளித்தனர். அர்தசஷ்டாவும் மோசேயின் சட்டத்தைப் படித்திருக்க மாட்டான்.

விவிலியத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் சளைக்கவில்லை. தாராவிக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகமான அதே நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோயில் இருக்கிறது. 1872இல் கட்டப்பட்ட அக்கோயிலின் வடிவம் இரண்டு கால்களைப் பரப்பிய கால்சட்டையைப் போன்றது. ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார், சேருமிடத்தில் பீடம், நடுவில் சுவர். 1910இல் பாதிரியாரின் முயற்சியால் சுவர் இடிக்கப்பட்டது. சுவரைத் திரும்பக் கட்டித் தரக் கோரி மேல்சாதிக் கிறித்தவர்கள் நீதிமன்றம் சென்றனர்; சென்னை உயர் நீதிமன்றம் 1916இல் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

இனி மும்பைக்கும் கொங்கணத்துக்கும் வரலாம். லேவியராகமம் இங்கே நூலாக மட்டும் வந்து சேரவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் பழக்கமாகவே வந்தது. அலிபாகுக்கு அருகிலுள்ள நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆணும் ஏழு பெண்ணும் கரையேறினர் என்பது பெனே இஸ்ரயேல் மக்களின் மரபுக்கதை. அவர்கள் மராத்தி பேசினர், செக்கில் எண்ணெய் ஆட்டினர், சனிக்கிழமை செக்கை நிறுத்தினர். அதனால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’ என்றழைத்தனர். தாவீது ராகபி என்பவர் வந்து அப்பெண்களிடம் மீன் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிலும் துடுப்பும் இல்லாத மீன்களை அவர்கள் ஒதுக்கி வைக்கவே, இவர்கள் யூதர்களே என்று அறிந்தாராம். நூலும் ஆசாரியனும் ஆலயமும் இல்லாமல், அடுப்படியில் பெண்களின் கைவழியாக ஒரு விதி நூற்றாண்டுகளைக் கடந்திருக்கிறது. கீழ்ப்படிதலுக்கு எப்போதும் மேலே ஓர் அதிகாரி தேவைப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சாமுவேல் திவேகர் 1796இல் மும்பையின் மாண்ட்வி பகுதியில் அவர்களின் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டினார்.

சாதி நாட்டில் வாழ்ந்தவர்கள் சாதியையும் கற்றுக்கொண்டனர். தூய வம்சத்தார் என்று சொல்லிக்கொண்டோர் ‘கோரா இஸ்ரயேல்’. யூதரல்லாத தாய்க்குப் பிறந்தோர் என்று கருதப்பட்டோர் ‘காலா இஸ்ரயேல்’. இருவருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. பாத்திரத்தைத் தொடுவதிலும் விலக்கு இருந்தது. அவர்களுக்கும் மேலே பாக்தாதிலிருந்து வந்த செல்வர்கள் இருந்தனர். டேவிட் சாசூன் முதலியோர் 1836இல் அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர்: பொதுவாக இருந்த யூதக் கல்லறைத் தோட்டத்தில் தங்களுக்கும் பெனே இஸ்ரயேலுக்கும் நடுவே குறுக்குச் சுவர் வேண்டும். மதுரை மாவட்டம் உத்தபுரத்துச் சுவர் 2008 மே மாதத்தில் உடைக்கப்பட்ட செய்தி தோழர்கள் அறிந்ததே. சாவுக்குப் பின்னும் சுவர் கேட்டவர்கள் வடக்கன்குளத்தார் மட்டுமல்லர்.

கொச்சியிலும் இதே கதை. 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கு உள்ளே இருக்கை இல்லை. வேதச் சுருளைப் படிக்கும் உரிமையும் இல்லை. அந்த வகுப்பில் பிறந்து சென்னையில் சட்டம் பயின்ற ஏ.பி. சாலெம், தொழுகைக்கூடத்தின் உள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அத்தடைகளைத் தளர்த்தினார். அவர் நாளாவட்டத்தில் ‘யூதக் காந்தி’ என்று பெயர் பெற்றார். கொச்சியில் தொழிலாளரைத் திரட்டியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1948க்குப் பின் பெனே இஸ்ரயேலில் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே காத்திருந்தது எஸ்றாவின் அட்டவணை. அவர்களை மணக்க விரும்புவோரின் தாய்வழி, பாட்டிவழி வம்சத்தை இயன்றவரை பின்னோக்கி ஆராய வேண்டும் என்று தலைமை ரபிகள் 1962இல் வழிகாட்டுதல் விடுத்தனர். கொங்கணத்து மூதாதையர் மணமுறிவு விதிகளைச் சரியாகக் கடைப்பிடித்திராவிட்டால் அவர்களின் சந்ததி முழுவதும் கறைபட்டது என்பது அவர்களின் வாதம். மும்பையிலிருந்தும் ராய்கட்டிலிருந்தும் சென்ற அத்தொழிலாளர் குடும்பங்கள் எருசலேமில் மறியலில் அமர்ந்தன. 1964 ஆகஸ்டில், பெனே இஸ்ரயேல் எல்லா வகையிலும் யூதரே என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவிக்க நேர்ந்தது. ரபிகளும் வழிகாட்டுதலைத் திருத்தினர். புனிதம் பற்றிய சாத்திர வாதத்தில் அவர்கள் வெல்லவில்லை. தெருவில் அமர்ந்து வென்றனர்.

நவ்காவும் மகாதும் ஒரே மாவட்டம். அன்று கொலாபா, இன்று ராய்கட். எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை மும்பை சட்டமன்றம் 1923இல் ஏற்றது: பொதுக் கிணறும் குளமும் எல்லாருக்கும் திறந்தவை. மகாத் நகராட்சியும் 1924இல் தன் சவுதார் குளத்தைத் திறந்ததாகத் தீர்மானம் போட்டது. தாளில் திறந்த குளத்தில் எவரும் நீர் அள்ளவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று அந்நீரை அள்ளிக் குடித்தனர். தாக்குதல் நடந்தது. பின்னர் 108 குடம் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளம் ‘தூய்மை’ செய்யப்பட்டது. மாடு குடித்த குளம், மனிதன் குடித்ததும் தீட்டானது. மாட்டின் கழிவால் தீட்டு நீங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகாதில் மனுநூல் எரிக்கப்பட்டது. வழக்கு பத்தாண்டு இழுத்து, 1937 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது.

அந்த மார்ச் மாத மாநாட்டைக் கூட்டுவதற்கு ஊர் ஊராக அலைந்தவர் ஆர்.பி. மோரே. மகாதுக்கு அருகில் 1903இல் பிறந்தவர். மகாதுக்குப் பின் மும்பை ஆலைத் தொழிலாளரிடையே பணியாற்றி 1930 வாக்கில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1965இல் ‘ஜீவன்மார்க்’ என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். 1972இல் மறையும்வரை கட்சியில் இருந்தார். அம்பேத்கரோடு கொண்ட நட்பையும் அவர் விடவில்லை. சாதிக் கேள்வியை வர்க்கக் கேள்விக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னவர்களிடம் அவர் இறுதிவரை வாதிட்டார். அவ்வாதத்தில் அவர் சொன்னதே சரி. தோல் பட்டறை முதலாளிக்கு மலிவான கூலியாள் கிடைத்ததற்குத் தீட்டும் ஒரு காரணம். வேறு வேலைக்குப் போக முடியாதவன் கூலி பேச முடியாது. 2015இல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை இறுகியபோதும், 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோதும், புனிதத்தின் பெயரால் தாக்கப்பட்டது பிழைப்பே.

பெண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கு இரண்டொரு சொற்களே. விலக்கான பெண் ஏழு நாள் ஒதுங்க வேண்டும் என்று லேவியராகமம் விதிக்கிறது. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில், முருகன் கோட்டத்தில் ஒதுங்கி நிற்கும் விலக்கான மகளிர் உவமையாக வருகின்றனர். ஆகவே இது வடக்கிலிருந்து வந்த வழக்கம் மட்டுமே என்று தள்ளிவிடவும் முடியாது. கட்சிரோலியின் மாடியா மக்களிடம் ‘குர்மா கர்’ உண்டு, தென்மாவட்டச் சிற்றூர்களில் முட்டுவீடு உண்டு. தாராவியின் ஒற்றை அறை வீட்டில் ஒதுக்க இடமில்லாததால் வழக்கம் தளர்ந்தது. செம்பூரில் இரண்டு அறை கொண்ட குடியிருப்பு கிடைத்ததும் சில வீடுகளில் அது திரும்பி வந்தது. சபரிமலைத் தீர்ப்பு 2018 செப்டம்பரில் வந்தபோது அதை வரவேற்று மேடையில் பேசிய தோழர்களின் வீட்டுச் சமையலறையில் அம்மூன்று நாள்களில் என்ன நடக்கிறது என்பதை அவரவரே அறிவர்.

ஏன் கீழ்ப்படிகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அச்சத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் உண்டு. எஸ்றா பறித்தது சொத்தையும் சபையையும். சாசூன் கேட்டது கல்லறையில் சுவர். ரபிகள் கைவைத்தது மணப்பதிவேட்டில். மும்பையில் தாவூதி போரா சமூகத்தின் தலைமைகுரு விலக்கிவைத்தால் அடக்க நிலமும் மறுக்கப்படும் நிலை இருந்தது. அதைத் தடுக்க மும்பை மாகாணம் 1949இல் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாதென்றது. மகாராஷ்டிரச் சாதிப் பஞ்சாயத்துகளும் அதே கருவியைத்தான் வைத்திருந்தன. தாபோல்கர் 2013இல் கொல்லப்படும்வரை அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். தோழர் கோவிந்த் பன்சாரே 2015இல் கொல்லப்பட்டார். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டத்தை மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016இல் நிறைவேற்றியது. சட்டம் இருக்கிறது. ஆனால் மகளுக்கு மாப்பிள்ளையும், தந்தையின் பிணத்துக்குத் தோள் கொடுக்க நான்கு பேரும் சாதிச் சங்கத்திடமிருந்தே கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை, கட்சி உறுப்பினரும் அச்சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டுதான் இருப்பார். அவரை இகழ்வதில் பொருளில்லை.

மணத்தைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது; மகாராஷ்டிரத்தில் அது செல்லாது. புரோகிதரும் சடங்கும் இன்றி மும்பையில் மணம் புரிய விரும்பும் தமிழ் இணையருக்கு இருப்பது 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமே. அதன்படி முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இருவர் பெயரும் முகவரியும் பதிவு அலுவலகத்தில் எல்லாரும் காணும்படி ஒட்டப்படும். சாதிச் சங்கத்தின் ஆள் அங்கே வந்து அதைப் படித்துச் செல்லலாம். பெண்ணின் தாய்மாமன் அடுத்த ரயிலில் வந்து இறங்கலாம். அந்த முப்பது நாளும் அவ்விருவர் எங்கே தங்குவது, வேலைக்குப் போகும்போது யார் உடன் செல்வது, மூன்று சாட்சிகளாக யார் கையொப்பமிடுவது என்பதைத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் கிளைத் தோழர்கள் கலைந்து செல்வதற்குள் பேசி முடிவு செய்யலாம்.